சார்லமேனின் கொடிவழி: ஹிமில்ட்ரூடுக்கு நேர்கோடா, புள்ளிக்கோடா?

அத்திக்காய்:

நண்பர்களே, மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பிராங்குப் பேரரசர் சார்லமேனின் கொடிவழியை ஒரு பெரிய சார்ட் தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். முறைப்படி மணந்த மனைவிக்கு நேர்கோடு, மணமில்லாத உறவுக்குப் புள்ளிக்கோடு. இந்த ஒரே விதியோடுதான் உட்கார்ந்தேன். முதல் பெண்ணிலேயே பேனா நின்றுவிட்டது.

அவர் பெயர் ஹிமில்ட்ரூட். சார்லமேனின் மூத்த மகனைப் பெற்றவர். பிள்ளைக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள், பிப்பின் என்று. முதுகு வளைந்திருந்ததால் 'கூனன் பிப்பின்' என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டான். பேரரசரின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட், இவன் ஓர் ஆசைநாயகிக்குப் பிறந்தவன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். முகம் அழகு, முதுகுதான் கூன் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறார்.

மற்றவர்களிடம் எனக்குச் சிக்கல் இல்லை. இத்தாலியை ஆண்ட லோம்பார்டு அரசன் டெசிடேரியஸின் மகள், ஹில்டகார்ட், ஃபாஸ்ட்ராடா, லியுட்கார்ட் ஆகிய நால்வருக்கும் நேர்கோடு. 800 ஜூனில் லியுட்கார்ட் தூர் நகரில் இறந்த பிறகு அரண்மனைக்கு வந்த ரெஜினா, அடெலிண்ட் போன்றவர்களுக்குப் புள்ளிக்கோடு. ஹிமில்ட்ரூடை எந்தப் பக்கம் வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஏடு:

நேர்கோடே போடுங்கள். 770-இல் போப் மூன்றாம் ஸ்டீபன் சார்லமேனுக்கும் தம்பி கார்லோமனுக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினார். லோம்பார்டு வீட்டுப் பெண் அரண்மனைக்கு வரப்போகிறாள் என்ற செய்தி ரோமுக்கு எட்டியிருந்தது. லோம்பார்டுகள் போப்பின் எல்லையிலேயே இருந்த பகைவர்கள். அதனால் மனிதர் கொதித்துப்போய் எழுதுகிறார். லோம்பார்டுகள் நாற்றம் பிடித்த கூட்டம், தொழுநோயாளிகள் தோன்றியதே அவர்களிடமிருந்துதான் என்றெல்லாம் திட்டுகிறார். கடிதத்தைப் புனித பேதுருவின் கல்லறைமேல் வைத்துப் பூசை செய்து அனுப்பியதாக அவரே சொல்கிறார். மீறினால் சபைநீக்கம் என்ற மிரட்டலும் உண்டு.

நமக்கு வேண்டியது நடுவில் வருகிறது. உங்கள் தந்தையின் கட்டளைப்படி, உங்கள் நாட்டிலேயே பிறந்த அழகிய பிராங்குப் பெண்களோடு நீங்கள் இருவரும் ஏற்கெனவே முறையான மணத்தில் இணைந்திருக்கிறீர்கள், அவர்களைத் தள்ளிவிட்டு வேறு பெண் எடுப்பது பாவம் என்கிறார். அப்போது சார்லமேனோடு இருந்தவர் ஹிமில்ட்ரூட்தான். தந்தை பிப்பின் 768-இல் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பார்த்து முடித்த சம்பந்தம் என்று ஆகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நாணல்:

பழையஏடு ஐயா, அந்தக் கடிதம் எனக்கும் தெரியும். ஆனால் அது ஒரு வழக்குரைஞரின் வாதம் போன்றது. லோம்பார்டு சம்பந்தத்தைத் தடுப்பது போப்பின் நோக்கம். முதல் உறவை 'மணம்' என்று சொன்னால்தான் இரண்டாவதைப் பாவம் என்று சொல்ல முடியும். சொல்லத்தான் செய்வார்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. பவுல் என்ற லோம்பார்டுத் துறவி சில ஆண்டுகள் சார்லமேனின் அவையில் இருந்தவர். 784 வாக்கில் மெட்ஸ் ஆயர்களின் வரலாற்றை எழுதும்போது, ஹிமில்ட்ரூடின் பெயரைச் சொல்லியே, 'சட்டப்படியான மணத்துக்கு முன்' அவரிடம் பிறந்தவன் பிப்பின் என்று குறிக்கிறார். ஐன்ஹார்ட் அரண்மனைக்கே 790-களில்தான் வந்தார். பவுல் அவரைவிட முந்தியவர்.

பழையஏடு:

> பவுல் அவரைவிட முந்தியவர்

சரி, முந்தியவர்தான். ஆனால் அவர் எழுதிய நேரத்தைப் பாருங்கள். ஹில்டகார்ட் 783 ஏப்ரல் 30-இல் இறந்து மெட்ஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய கல்லறைக் கவிதையை எழுதியவரும் இதே பவுல்தான். நூலை எழுதச் சொன்னவர் மெட்ஸ் ஆயர். ஹில்டகார்டின் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்குள் முடிசூடியாகிவிட்டது. அந்த நிலையில், அவர்களுக்கு மூத்தவன் ஒருவன் முறையான மனைவிக்குப் பிறந்தவனாக இருக்கிறான் என்று எழுத முடியுமா? போப்புக்கு ஒரு நோக்கம் இருந்தால் பவுலுக்கும் இருந்தது.

இரண்டு சாட்சிகளில் போப்பின் சொல்தான் மணம் நடந்த காலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் போட்டி என்ற பேச்சே எழாத காலம் அது.

அத்திக்காய்:

இருவருக்கும் நன்றி. லோம்பார்டு பெண்ணைப் பற்றியும் கேட்க நினைத்தேன். பல புத்தகங்களில் அவர் பெயர் டெசிடெராட்டா என்று இருக்கிறது. நான் பெட்டிக்குள் எழுதியும் விட்டேன்.

நாணல்:

அழித்துவிடுங்கள். லத்தீனில் 'விரும்பப்பட்ட' என்று பொருள் தரும் ஒரு சொல்லைப் பின்னால் வந்தவர்கள் பெயராக வாசித்துவிட்டார்கள் என்பதுதான் இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. டெசிடேரியஸின் மகள் என்று எழுதுவதே பாதுகாப்பு.

அவர் கதை ஓர் ஆண்டுகூட ஓடவில்லை. மணத்தை முன்னின்று நடத்தியவர் சார்லமேனின் தாய் பெர்ட்ராடா. 771-இல் மகன் அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். காரணம் உறுதியாகத் தெரியவில்லை. தாய்க்கும் மகனுக்கும் வாழ்நாளில் வந்த ஒரே மனக்கசப்பு இதுதான் என்கிறார் ஐன்ஹார்ட். சித்தப்பா மகன் அடல்ஹார்ட், முறையான மனைவியைத் தள்ளிவிட்டு வேறு பெண் எடுக்கும் வீட்டில் ஊழியம் செய்யமாட்டேன் என்று அவையை விட்டு வெளியேறித் துறவியானார். அதே ஆண்டு டிசம்பரில் கார்லோமன் இறந்தார். அவருடைய மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டெசிடேரியஸிடமே அடைக்கலம் புகுந்தார். முன்னாள் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் நின்றார்கள். 774 ஜூனில் பாவியா நகர் விழுந்தது, லோம்பார்டு அரசும் முடிந்தது.

செங்காந்தள்:

எல்லோரும் ஹிமில்ட்ரூடைப் பற்றியே பேசுகிறீர்கள். ஹில்டகார்டுக்கு நேர்கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் அத்திக்காய் அண்ணா. அந்தப் பெட்டிக்குக் கீழே எத்தனை கோடு இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மணமானபோது வயது 13 அளவில். இறந்தபோது 25 இருக்கலாம். நடுவில் 12 ஆண்டு, 9 பிள்ளைகள். முதலில் சார்லஸ். அடுத்தவள் அடெலெய்ட், பாவியா முற்றுகைக் காலத்தில் பிறந்து, பிராங்கு நாட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே கைக்குழந்தையாக இறந்தாள். பிறகு ரோட்ரூட், கார்லோமன். 778-இல் கணவர் ஸ்பெயின் படையெடுப்பில் இருந்தபோது அக்விடேனில் இரட்டையர் லூயியும் லோத்தரும். லோத்தர் இரண்டு வயதிலேயே போய்விட்டான். பிறகு பெர்தா, கிசெலா. கடைசியாகத் தாயின் பெயரையே தாங்கிய ஒரு பெண் குழந்தை. தாய் இறந்த அதே ஆண்டில் அதுவும் இறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மாமியார் பெர்ட்ராடாவும் காலமானார். இலையுதிர் காலத்தில் ஃபாஸ்ட்ராடாவோடு வோர்ம்ஸ் நகரில் திருமணம்.

படையெடுப்பு போகும் வழியெல்லாம் கர்ப்பத்தோடு போயிருக்கிறார். பின்னால் பேரரசை ஆண்ட வம்சம் முழுக்க இவருடைய உடம்பிலிருந்து வந்தது. இதை வாசிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடுகிறது.

பழையஏடு:

சகோதரி சொன்ன பட்டியலில் ஒரு பெயரைக் கவனியுங்கள்: கார்லோமன். இன்று எந்த வரலாற்றிலும் இந்தப் பையனை அந்தப் பெயரால் தேட முடியாது. 781 ஈஸ்டர் அன்று ரோமில் போப் ஹேட்ரியன் இவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர் பிப்பின்! வயது நான்கு. அதே நாளில் இத்தாலியின் அரசன். மூன்று வயது லூயி அக்விடேனின் அரசன்.

ஒரே வீட்டில், உயிரோடு இருக்கும் அண்ணனின் பெயரைத் தம்பிக்கு வைப்பார்களா? அந்தப் பெயர் அரச வம்சத்தின் சொத்து. அதை மூத்தவனிடமிருந்து எடுத்து இளையவனுக்குக் கொடுத்தார்கள். கூனன் பிப்பினுக்கு அப்போது 12 வயது இருக்கலாம். அவனுக்குப் புரிந்திருக்கும்.

லூயி, லோத்தர் என்ற பெயர்களும் சும்மா வைத்தவை அல்ல. இவர்கள் குடும்பம் அரியணையைப் பறித்த பழைய மெரோவிங்கிய வம்சத்தின் பெயர்கள் அவை, குளோவிஸ், குளோத்தர் என்பதன் அடுத்த வடிவம். பிள்ளைக்குப் பெயர் வைப்பது இந்த வீட்டில் ஓர் அரசாணை மாதிரி. அப்படியிருக்க மூத்தவனுக்கு 'பிப்பின்' என்று வைத்த நாளில், அவன் வாரிசு என்றுதானே நினைத்திருக்க வேண்டும்? எனக்குப் போப்பின் கடிதத்தைவிட இதுதான் பெரிய சான்று.

நாணல்:

பெயர் மாற்றத்தை நான் இப்படி எடைபோட்டதில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன்.

792 கிளர்ச்சியும் இதோடு பொருந்துகிறது. தந்தை ரேகன்ஸ்புர்க்கில் இருந்தபோது கூனன் பிப்பின் சதி செய்தான். கூட நின்றவர்களில் பெரிய இடத்துப் பிராங்குகள் இருந்தார்கள். பட்டத்துக்கே உரிமை இல்லாத ஒருவன் பின்னால் அவர்கள் உயிரைப் பணயம் வைத்திருக்கமாட்டார்கள். ஃபார்டல்ஃப் என்ற லோம்பார்டியர் காட்டிக்கொடுத்தார். அவருக்கு செயிண்ட் டெனிஸ் மடம் பரிசு. பிப்பினுக்கு மொட்டையடித்து ப்ரூம் மடத்துக்கு அனுப்பினார்கள். 811-இல் இறந்தான்.

மழைத்தூறல்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இழை முழுவதும் படித்தேன். மகள்களின் பெயரைச் சொல்கிறீர்கள், மருமகன்களைச் சொல்லவே இல்லையே?

செங்காந்தள்:

தம்பி / தங்கை, மருமகன்களே இல்லை! பிள்ளைகள் மொத்தம் 18 வரை எண்ணலாம். ஆனால் பேரரசரின் எந்த மகளுக்கும் அவர் உயிரோடு இருந்தவரை திருமணம் நடக்கவில்லை. மகள்கள் மிக அழகானவர்கள், தந்தை அவர்கள்மேல் உயிராக இருந்தார், அவர்களைப் பிரிந்து வாழ முடியாது என்று சொல்லிச் சாகும்வரை தன்னோடே வைத்துக்கொண்டார் என்று ஐன்ஹார்ட் எழுதுகிறார். இதனால் அவருக்குத் தலைகுனிவும் நேர்ந்தது, ஆனால் எதுவும் நடக்காததுபோல் இருந்துவிட்டார் என்றும் சேர்க்கிறார்.

அந்த வீடு எப்படி இருந்தது என்பதற்கு, 796-ஐ ஒட்டி அவைக்கவிஞர் தியோடல்ஃப் எழுதிய கவிதை இருக்கிறது. அப்பா வந்து அமர்கிறார். மகன்கள் போர்வையையும் வாளையும் வாங்கி வைக்கிறார்கள். மகள்கள் முத்தம் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பொருள் நீட்டுகிறார்கள். பெர்தா ரோஜா, ரோட்ரூட் ஊதாப்பூ, கிசெலா அல்லி, ரோதைட் ஆப்பிள், ஹில்ட்ரூட் தானியம், தியோட்ராடா திராட்சை மது. எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். அதே வீட்டைப் பற்றி அவையின் அறிஞர் அல்குயின் தன் மாணவனுக்கு எழுதியது வேறு மாதிரி: அரண்மனை அறைகளில் பறக்கும் மகுடம் சூடிய புறாக்கள் உன் சன்னலுக்கு வராமல் பார்த்துக்கொள்.

பெர்தாவுக்குக் கவிஞர் ஆங்கில்பெர்ட்டிடம் இரண்டு மகன்கள். ரோட்ரூடுக்கு மேன் பகுதிப் பிரபு ரோரிகோவிடம் ஒரு மகன். யாரும் ஒளித்து வைக்கவில்லை.

நாணல்:

பாசம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் 781-இல் ஆறு வயது ரோட்ரூடைப் பைசாந்தியத்தின் இளம் பேரரசன் ஆறாம் கான்ஸ்டன்டைனுக்கு நிச்சயம் செய்திருக்கமாட்டார். எலிசையோஸ் என்ற அரண்மனை அலி கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்து தங்கி அவளுக்குக் கிரேக்க மொழியும் அந்த அவையின் நடைமுறையும் சொல்லிக்கொடுத்தார். கூடப் போகவேண்டிய குருமார்களுக்கு நம் பவுலே கிரேக்கம் கற்பித்தார். 787 வாக்கில் எல்லாம் முறிந்தது. பத்தாண்டு கழித்து அந்த மாப்பிள்ளையின் கண்களைப் பறிக்கச் சொன்னவர் அவனைப் பெற்ற தாய் ஐரீன். ரோட்ரூட் அங்கே போகாதது நல்லதாகிவிட்டது.

அடுத்து ஓஃபா. ஹில்டகார்டின் மூத்த மகன் சார்லஸுக்கு இங்கிலாந்தின் மெர்சியா அரசன் ஓஃபாவிடம் பெண் கேட்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்போம், பெர்தாவை என் மகனுக்குக் கொடுங்கள் என்றார் ஓஃபா. சார்லமேனுக்கு வந்த கோபத்தில் ஆங்கிலேய வணிகர்களுக்குத் துறைமுகங்களையே மூடிவிட்டார். அந்தச் சார்லஸுக்குக் கடைசிவரை திருமணமே ஆகவில்லை.

என் கணிப்பில் பாடம் டெசிடேரியஸின் வீட்டிலிருந்து வந்தது. அவர் ஒரு மகளை பெனவெண்டோ பிரபுவுக்கும், ஒருத்தியைப் பவேரியாவின் தாசிலோவுக்கும், ஒருத்தியைச் சார்லமேனுக்கும் கொடுத்திருந்தார். மருமகன்கள் வழியாக ஒரு கூட்டணியையே கட்டினார். தாசிலோ சார்லமேனின் அத்தை மகன்தான். 788-இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிக் குடும்பத்தோடு மடங்களுக்கு அனுப்பவேண்டி வந்தது. பெண் கொடுத்த வீட்டில் பிறக்கும் ஆண்பிள்ளை நாளை அரசு கேட்பான் என்பதைச் சார்லமேன் கண்ணால் பார்த்தவர்.

பழையஏடு:

இதே கணக்குதான் லியுட்கார்டுக்குப் பிறகும். பேரரசியே இல்லாமல் 14 ஆண்டு பேரரசராக இருந்தார். ஐரீனையே மணக்கப்போகிறார் என்றொரு பேச்சைப் பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபனஸ் குறிக்கிறார். 802-இல் ஐரீன் பதவி இழந்ததும் அது முடிந்தது. புதிதாக ஒரு முறையான மனைவி வந்து மகன் பிறந்தால், ஹில்டகார்டின் மூன்று மகன்களுக்குப் பிரித்து வைத்த நாட்டை மறுபடி பிரிக்கவேண்டும். ரெஜினாவும் அடெலிண்டும் பெற்ற மகன்களுக்கு அந்த உரிமை கிடையாது. அவர்களை மணக்காமல் விட்டதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

செங்காந்தள்:

ஃபாஸ்ட்ராடாவை ஒருவருமே பேசவில்லை. கிளர்ச்சிக்கெல்லாம் அவருடைய கொடூரமே காரணம் என்று ஐன்ஹார்ட் பழிபோட்டுவிட்டார், எல்லோரும் அதையே திருப்பிச் சொல்கிறோம். சார்லமேன் ஒரு மனைவிக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருப்பது இவருக்கு எழுதியதுதான். 791 செப்டம்பர், கிழக்கே இருந்த அவார் இனத்தார்மேல் படையெடுத்துப்போகும் வழி. மூன்று நாள் வெறுங்காலோடு பவனி வந்து வேண்டிக்கொண்டோம், மதுவும் இறைச்சியும் கிடையாது, மது குடித்தே ஆகவேண்டும் என்பவர்கள் காசு கட்டவேண்டும், உன் உடல்நிலைக்குத் தக்கபடி நீ விரதம் இருந்துகொள் என்று எழுதுகிறார். மகள்களுக்கு அன்பு சொல்கிறார். கடைசியில் ஒரு மனத்தாங்கல்: ரேகன்ஸ்புர்க்கை விட்டு வந்ததிலிருந்து உன்னிடமிருந்து ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. இனி அடிக்கடி உன் உடம்பைப் பற்றி எழுதி அனுப்பு.

மூன்று ஆண்டில் பிராங்க்ஃபர்ட்டில் இறந்துபோனார். மகள்கள் இருவர், தியோட்ராடா, ஹில்ட்ரூட். அவருடைய பெட்டியில் 'கொடூரமானவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அண்ணா.

அத்திக்காய்:

எழுதமாட்டேன் தங்கச்சி. அந்தக் கடிதத்தைப் பற்றி இப்போதுதான் அறிகிறேன்.

பிள்ளைகளின் இறப்பு ஆண்டுகளை நேற்றிரவு நிரப்பினேன். 810 ஜூன் 6 ரோட்ரூட். ஜூலை 8 இத்தாலியின் பிப்பின். 811-இல் கூனன் பிப்பின். டிசம்பர் 4 சார்லஸ். அரசின் ஆண்டுக்குறிப்பில் ரோட்ரூடின் சாவை அடுத்து, பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய யானையும் திடீரென்று செத்தது என்று வருகிறது. பிள்ளைகள் இறந்தபோது அவர் அழுதார் என்று ஐன்ஹார்ட் சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முறையான மகன்களில் மிஞ்சியவர் லூயி ஒருவர்தான். 813-இல் தலைநகர் ஆகனில் அவருக்கு முடிசூட்டிவிட்டு, 814 ஜனவரி 28-இல் கண்ணை மூடினார்.

பழையஏடு:

லூயி வந்ததும் முதல் வேலையாக அக்கா தங்கைகளை அரண்மனையிலிருந்து வெளியேற்றினார்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் நேர்கோட்டுக் கேள்விக்கு உண்மையான விடை. அதற்கு முன்னால் ஒன்று: 806 பிப்ரவரியில், ஹில்டகார்ட் இறந்த அதே தியோன்வில்லில், சார்லமேன் நாட்டைப் பிரித்து ஆவணம் எழுதினார். அதில் ஒரு விதி: என் பேரப்பிள்ளைகள் எவரையும், முறையான விசாரணை இல்லாமல் என் மகன்கள் கொல்லவோ, உறுப்பைச் சிதைக்கவோ, கண்ணைப் பறிக்கவோ, விருப்பமில்லாமல் மொட்டையடித்து மடத்துக்கு அனுப்பவோ கூடாது. தன் வீட்டைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்.

இறந்த பிப்பினின் மகன் பெர்னார்டை இத்தாலிக்கு அரசனாக்கியவர் தாத்தாவேதான். 817-இல் சித்தப்பா லூயிக்கு எதிராகக் கிளம்பிச் சரணடைந்தான். மரண தண்டனை விதித்து, கருணை என்று சொல்லிக் கண்களைப் பறித்தார்கள். இரண்டு நாளில், 818 ஏப்ரலில் இறந்தான். அதற்குப் பிறகு லூயியின் வரலாற்றை எழுதிய தேகன் என்ன சொல்கிறார் தெரியுமா? பெர்னார்ட் ஓர் ஆசைநாயகிக்குப் பிறந்தவன் என்கிறார். தாத்தா அவனுக்கு நாட்டைக் கொடுத்தபோது இல்லாத குறை, அவன் தோற்ற பிறகு வந்துவிட்டது. கூனன் பிப்பினுக்கு நடந்ததும் இதேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நாணல்:

இதோடு ட்ரோகோவையும் ஹ்யூகோவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ரெஜினாவின் பிள்ளைகள். உரிமை இல்லாதவர்கள் என்றுதானே சொன்னோம்? பெர்னார்ட் இறந்ததும் அவர்களுக்கும் அடெலிண்டின் மகன் தியோடரிக்குக்கும் மொட்டையடித்து மடத்துக்கு அனுப்பிவிட்டார் லூயி. எந்த உரிமையும் இல்லாதவர்களைப் பார்த்து அவ்வளவு பயம். 822-இல் அத்தின்யியில் சபையின் முன் நின்று, பெர்னார்டுக்கும் தம்பிகளுக்கும் செய்ததற்காகப் பாவமன்னிப்புக் கேட்டார். ட்ரோகோ மெட்ஸ் ஆயரானார். 840 ஜூனில் லூயி சாகும்போது பக்கத்தில் இருந்தவர் அந்த ட்ரோகோதான். பெர்தாவின் மகன் நித்தார்ட் வரலாறு எழுதினார், நான் ஆங்கில்பெர்டுக்கும் பெர்தாவுக்கும் பிறந்தவன் என்று அதிலேயே தயங்காமல் சொல்கிறார்.

அத்திக்காய், ஹிமில்ட்ரூடுக்கு நேர்கோடே இருக்கட்டும். நான் மாறிவிட்டேன்.

அத்திக்காய்:

போட்டுவிட்டேன். ஹிமில்ட்ரூடுக்கு நேர்கோடு, பெர்னார்டின் தாய்க்கும் நேர்கோடு. பெர்தாவையும் ஆங்கில்பெர்டையும் இணைப்பது புள்ளிக்கோடு, ஆனால் அதே கறுப்பு மையில்.

ஒரு பெட்டி மட்டும் காலியாக இருக்கிறது. செங்காந்தள் சொன்ன கவிதையில் ஆப்பிள் கொண்டுவரும் ரோதைடின் தாய். அந்தப் பெண்ணின் பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை என்று ஐன்ஹார்டே எழுதிவிட்டார். பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டம் போட்டிருக்கிறேன்.